ஜெர்மன் கார் மேல் சொன்ன குற்றங்கள்

எங்கள் வீட்டுக்கு ஜெர்மன் கார் வந்தபோது தெருவில் பாதிப்பேர் நம்பவில்லை. ஜெர்மன் கார் என்றால் மில் முதலாளிகள் வைத்திருப்பது என்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் எண்ணம். எங்களுடையது அவ்வளவு பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. பின்கதவைத் தூக்கிச் சாமான் வைக்கிற சின்ன ஹேட்ச்பேக். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் மேனேஜர் ஆறேழு வருஷம் ஓட்டிவிட்டுக் கொடுத்தது. புதிதாக ஒரு சாதாரண வண்டி எடுப்பதைவிடச் சல்லிசாகவே முடிந்தது. சாவியைக் கையில் தரும்போது அவர் பானட்டைத் தட்டி "மஞ்சி பண்டி" என்றார். அவர் வீட்டில் தெலுங்கு. நல்ல வண்டி என்று அர்த்தம். விற்கிறவர் வேறு என்ன சொல்வார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். லடாக்கின் பனியிலும் அருணாசலத்தின் மண்சரிவிலும் பெரிய டிரக் ஓட்டியவர். ஒரு கீறல்கூட இல்லாமல் வண்டியை ஒப்படைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். வீட்டில் வேறு யாரும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். காலையில் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் கூட்டிவருவதும் அவர்தான்.

அப்படிப்பட்டவர் வாங்கிய ஒரு வருஷத்துக்குள் அந்தக் காரை விற்றே தீருவேன் என்று நின்றார். நான் விற்க விடமாட்டேன் என்று நின்றேன். எங்கள் முப்பது வருஷ வாழ்க்கையில் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. ஒரு காருக்காகச் சண்டை போடுவோம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எனக்கு அந்த வண்டியைப் பிடித்துப் போனது கதவால்தான். சாத்தினால் 'டப்' என்று ஒரே சத்தம், அதோடு சரி. எங்கள் பீரோக் கதவுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. உள்ளே உட்கார்ந்துவிட்டால் வெளியே பஸ் ஹார்ன் அடிப்பது அடுத்த தெருவில் அடிப்பதுபோல இருக்கும். இருக்கை கொஞ்சம் கெட்டி. முதல் வாரம் முறைத்துக்கொண்டது, பொறுமையாக இருந்தால் முதுகு அதற்குத்தான் நன்றி சொல்கிறது. டீசல் என்ஜின், மூன்று சிலிண்டர். நிற்கும்போது தையல் மிஷின் மாதிரி நடுங்கும். கொஞ்சம் வேகம் எடுத்ததும் அந்த நடுக்கமெல்லாம் எங்கே போனதென்றே தெரியாது. மம்சாபுரத்துக்குப் பிரிகிற விலக்கு தாண்டி ரோடு நேராகும் இடத்தில், வலது கையில் மலை கூடவே வர, வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும் பாருங்கள், ஆபீஸ் பக்கத்தில் இருக்கிறதே என்று வருத்தமாக இருக்கும்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பின்சீட்டில் கால் நீட்ட இடமில்லை. என் நாத்தனார் ஒருமுறை மதுரை வரை வந்துவிட்டு, "மதினி, கோழியப் பஞ்சாரத்துல அடச்ச மாதிரில்லா அடச்சுட்டிய" என்றார். ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டும். ஒரு சின்ன சாமான் மாற்றவும் மதுரைக்குப் போக வேண்டும். அதற்கெல்லாம் ஒரு வண்டியை விற்பார்களா?

அவர் சொன்ன குற்றங்கள் வேறு. முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே இருக்கிற தூண் ரொம்பப் பருமன், இடது பக்கம் வருகிற ஆளை மறைக்கிறது என்றார். இடது பக்க மிர்ரர் சின்னது என்றார். வண்டி வெளியே பார்க்கிறதைவிட அகலம், அதுவும் இடது பக்கம்தான் அகலம் என்றார். அதென்ன இடது பக்கம் மட்டும் அகலம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. பட்டாளத்து டிரைவர் வண்டியைப் பற்றிச் சொன்னால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

கீறல்கள் வர ஆரம்பித்தது ஆடி கழிந்த பிறகு. முதலில் முன் பம்பரின் இடது மூலையில் ஒன்று. பஞ்சு மார்க்கெட் பக்கம் நிறுத்தியிருந்தேன், எவனோ உரசிவிட்டுப் போய்விட்டான் என்றார். அடுத்தது இடது பின்கதவில். பிறகு எங்கள் வீட்டு கேட்டிலேயே இடது மிர்ரர் மோதி மடங்கியது. ஜெர்மன்காரன் மிர்ரரை வெளியே இவ்வளவு தூரம் நீட்டுவானா என்று அதற்கும் அவன் தலையில்தான் பழி. கடையில் வட்டமாக ஒரு குட்டிக் கண்ணாடி வாங்கி அந்த மிர்ரரின் மேல் ஒட்டினார். அதற்கும் கீறல் நிற்கவில்லை.

நான் என் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. ஊரே பார்த்துப் பொறாமைப்பட்ட வண்டி, திருஷ்டிதான் என்று முடிவுகட்டினேன். கறுப்புக் கயிறு கட்டினேன். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டேன். அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காய் சுற்றி முச்சந்தியில் உடைத்தேன். பின் பம்பருக்குக் கீழே பழைய செருப்பு ஒன்றைக் கட்டலாம் என்றபோதுதான் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஆக இரண்டு பேரும் மும்முரமாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தோம். தேட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் தேடினோம்.

விற்பது என்று அவர் முடிவெடுத்தது திடீரென்றுதான். ஒரு நாள் என்னைக் கூட்டிப்போக வந்தவர் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், தரகரிடம் சொல்லிவிட்டேன், தை பிறந்ததும் தள்ளிவிடலாம் என்றார். இடது பக்கம் புதிதாக ஒரு நீளக் கீறல் இருந்தது. எங்கே என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூமாப்பட்டியில் விசாரணை நடந்தது. அது அவர் சொந்த ஊர். அண்ணன், தம்பி, மச்சினன் எல்லாருமே பட்டாளமோ போலீசோ பார்த்துவிட்டு வந்து விவசாயம் செய்கிறவர்கள். யாராவது ஒரு வண்டி வாங்கினால் அதை வேப்பமரத்தடியில் நிறுத்தி, ஆளுக்கொரு முறை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது அங்கே வழக்கம். அன்று எங்கள் வண்டி குற்றவாளிக் கூண்டில் நின்றது. அவர் முதலில் குற்றங்களை வாசித்தார். பிறகு ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்து, கழுத்தை நீட்டிப் பார்த்து, ஆமாம் தூண் பருமன்தான், ஆமாம் மிர்ரர் சின்னதுதான் என்று இறங்கினார்கள். அவர் என்ன சொன்னாரோ அதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. மூத்தவர் கடைசியில் இறங்கி, "தம்பி கைக்கே பிடிபடலன்னா அது வண்டியே இல்லடா" என்று முடித்துவைத்தார்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேர் நடுவில் சொன்னேன். நான் ஓட்டிப் பார்க்காமல் வண்டி எங்கேயும் போகாது என்று. லைசென்ஸ் இருக்கா மதினி என்று அவர் தம்பி கேட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டருக்கு எடுத்தபோது காருக்கும் சேர்த்தே எடுத்து வைத்தது. அதற்குப் பிறகு அதை வெளியே எடுத்தது பாங்கில் அடையாளம் காட்ட மட்டும்தான்.

ராஜபாளையத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கையைப் பழக்கிக்கொண்டேன். அங்கே இருந்தது வேறு வண்டி. அதில் இண்டிகேட்டர் வலது கைப்பக்கம். ஜெர்மன்காரர்கள் அதை இடது கையிலும் வைப்பரை வலது கையிலும் வைத்துவிட்டார்கள். ஆக நான் எங்கள் வண்டியில் எந்தத் தெருவில் திரும்பினாலும் வைப்பர் ஓடியது. ஸ்ரீவில்லிபுத்தூர் வெயிலில் காய்ந்த கண்ணாடியின் மேல் அது கறக் கறக் என்று போகும் சத்தம் கேட்டு, பால்கோவாக் கடைக்காரர் நான் திரும்பப் போகிறேன் என்று தெரிந்து ஒதுங்கிக்கொள்ள ஆரம்பித்தார். ரிவர்ஸ் கியர் போட வேண்டுமானால் கம்பியை முதலில் கீழே அமுக்க வேண்டும். அது தெரியாமல் ஒரு தடவை பார்க்கிங்கில் சுவர் வரை போய் நின்றுவிட்டேன், இரண்டு ஆட்கள் சேர்ந்து வண்டியைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். இந்த என்ஜினுக்குத் தூக்கம் அதிகம். மெதுவாகப் போகும்போது செத்தவன் கையில் வெற்றிலை பாக்குக் கொடுத்த மாதிரி இருக்கும். கொஞ்சம் மிதித்தால் திடுக்கென்று விழித்துக்கொண்டு ஓடும். அந்த விழிப்பு எப்போது வரும் என்று கால் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு இருபது வயது குறைந்துபோனது. ஸ்டியரிங் நகரத்துக்குள் விரலுக்கு அடங்கும், வேகம் கூடினால் தானே இறுகிக் கைக்குத் தைரியம் சொல்லும். இந்த வண்டியையா விற்கப் போகிறார் என்று வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஓட்ட ஓட்ட ஒரு விஷயம் உறுத்தியது. அவர் சொன்ன குற்றம் எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. தூண் இருந்தது; ஆளை மறைக்கவில்லை. இடது மிர்ரரில் பின்னால் வருகிற பஸ், சைக்கிள், நாய் எல்லாம் தெரிந்தது. எங்கள் கேட்டுக்குள் வண்டி அலுங்காமல் நுழைந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஸ்டியரிங் பிடித்த எனக்கு வருவது அவருக்கு ஏன் வரவில்லை? முதலில் கர்வமாக இருந்தது. அப்புறம் பயமாக இருந்தது.

ஒரு நாள் பிளவக்கல் அணை வரை போய்வரலாம் என்று கிளம்பினோம். நான் ஓட்டினேன், அவர் இடது சீட்டில். வ. புதுப்பட்டி தாண்டித் தென்னந்தோப்புகள் ரோட்டை ஒட்டி வருகிற இடத்தில், இடது பக்கத் தோப்புப் பாதையிலிருந்து புல்லுக்கட்டோடு ஒரு மொபெட் வந்தது. தூரத்திலேயே தெரிந்தது. நான் வேகத்தைக் குறைத்து நிறுத்தினேன்.

"எதுக்குட்டி இப்ப பிரேக்கு?" என்றார்.

அவருடைய கதவுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அந்த மொபெட் வந்துகொண்டிருந்தது. அது வண்டியின் முன்னால் வந்த பிறகுதான் அவர் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார். எங்கேயிருந்து வந்தான் இவன் என்று முணுமுணுத்தார். அணைக்குப் போகவில்லை. வண்டியை ஓரங்கட்டி, அப்படியே சொன்னேன்.

"குத்தம் வண்டிமேல இல்லைங்க. உங்க இடது கண்ணு பாக்கல."

இதைவிட நயமாகச் சொல்லத் தெரிந்திருக்கலாம். எனக்கு நயம் வராது. அவர் முகம் சிவந்துபோனது. வருஷா வருஷம் பட்டாளத்தில் மெடிக்கல் பார்த்தவனுக்கு நீ கண் டாக்டரா, நாலு நாள் ஸ்டியரிங் பிடித்ததும் தலை நிற்கவில்லையோ என்று கத்தினார். நானும் சளைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு இடது பக்கம் வைத்த தண்ணீர்ச் செம்பை எத்தனை தரம் தட்டிவிட்டீர்கள் என்று எண்ணிக் காட்டினேன். அதற்கப்புறம் சில நாள் சோறு போடு, தண்ணீர் எடு என்பதோடு சரி. என்னை ஆபீசுக்குக் கொண்டுபோய் விடவும் வரவில்லை. நான் பஸ்ஸில் போய்வந்தேன். வண்டியை எடுக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

ஒரு சாயங்காலம் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அவர் போர்டிகோவில் நின்ற காருக்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். என்ஜின் ஓடவில்லை. வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நேரே பார்த்தார். பிறகு இடது மிர்ரரைப் பார்த்தார். கையை மாற்றி இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார். மறுபடியும் வலது. யாரோ கணக்குத் தப்பாகக் கொடுத்துவிட்டதுபோல அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் போக வேண்டும் போல இருந்தது. போகவில்லை, அந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தால் அவர் தாங்கமாட்டார். குழம்பு அடிப்பிடித்தது. அவர் உள்ளே வந்து கை கழுவிக்கொண்டே, நாளைக்கு லீவு போடு, மதுரைக்குப் போவோம் என்றார்.

கண்ணாஸ்பத்திரியில் மருந்து ஊற்றினால் அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது என்பதால் போகும்போதே நான்தான் ஓட்டினேன். எங்கள் மகள் வயசில் ஒரு டாக்டரம்மா நிதானமாக எடுத்துச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. வலி இருக்காது, நேரே பார்ப்பது நன்றாகவே தெரியும், அதனால் பலருக்குத் தெரிவதே இல்லை. இடது கண்ணில் நிறையப் போய்விட்டது, வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. போனது திரும்பாது, சொட்டு மருந்தை விடாமல் ஊற்றினால் இருப்பதைக் காப்பாற்றலாம். வண்டி ஓட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்றார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "சரிங்க டாக்டர்" என்றார். மேலதிகாரி முன்னால் நிற்கிற குரல் அது. அந்தக் குரலைக் கேட்டதும் என்னால் அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே வராண்டாவுக்கு வந்துவிட்டேன். ஜெயித்தது நான்தான். அந்த ஜெயிப்பைக் கொண்டுபோய்க் கிணற்றில் போடலாம் போல இருந்தது.

திரும்பும்போது கல்லுப்பட்டி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறங்கியவர் டீ வாங்கப் போகவில்லை. வண்டியின் இடது பக்கமாக வந்து, கீறல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். பம்பரில் இருந்தது பஞ்சு மார்க்கெட்டில் எவனோ உரசியது இல்லையாம். இவரே ஒரு தள்ளுவண்டியில் இடித்ததாம். பின்கதவில் இருந்தது ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவர். எல்லாம் அவருக்கு இடம் சுத்தமாக நினைவில் இருந்தது. நீளக் கீறல் வந்ததும் கை நின்றுவிட்டது.

"இது ஒரு ஆளு" என்றார்.

மம்சாபுரம் விலக்குப் பக்கம் சைக்கிளில் போன ஒரு பெரியவர். என்னைக் கூட்டிப்போக வருகிற வழியில் நடந்தது. கைப்பிடி உரசிக் கீழே விழுந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை, தானே எழுந்து சைக்கிளை நிமிர்த்திக்கொண்டார் என்று சொன்னார்.

"நான் இறங்கி அவரத்தாம்ட்டி வஞ்சேன். கண்ணு தெரியாமயா ரோட்டுக்குள்ள வாரேன்னு கேட்டேன். அவர் ஒண்ணும் பேசல. தப்புதான் சாமின்னுட்டுப் போயிட்டாரு."

அதற்குப் பிறகு அந்தக் கீறலைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முகம்தான் தெரிகிறது, அதனால்தான் விற்கச் சொன்னேன் என்றார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் இரண்டையும் செய்ய முடியாது. டீ வாங்கிக் கையில் கொடுத்தேன். அந்தப் பெரியவர் வீட்டைக் கண்டுபிடித்துப் போக வேண்டும் என்றேன். விலக்கில் விசாரித்தால் தெரியும், நாளைக்கே போவோம் என்றார். டீயைக் குடித்து முடித்து, கண்ணாடி டம்ளரைக் கொடுத்துவிட்டு வந்து, வண்டியை விற்க வேண்டாம் என்றும் சொன்னார். அந்த வார்த்தைக்காக எத்தனை நாள் சண்டை போட்டிருந்தேன். அப்போது அது காதில் சந்தோஷமாக விழவில்லை.

நான் வண்டியை எடுத்தேன். அவர் இடது சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, இதுவரை நான் பார்த்திராத ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். உடம்போடு சேர்த்துக் கழுத்தை முழுக்க இடது பக்கம் திருப்பி, ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். கழுத்து வலிக்கும், நேரே பாருங்கள் என்றேன். கேட்கவில்லை. கிருஷ்ணன்கோவில் நெருங்கும்போது சைக்கிளில் ஒருவர் எங்களுக்கு முன்னால் இடதோரமாகப் போய்க்கொண்டிருந்தார். நான் அவரை எப்போதோ பார்த்துவிட்டேன்.

"இடப்பக்கம் ஒரு ஆளு போறாரு. பாத்துப் போ" என்றார்.

"சரிங்க" என்று சொல்லி வேகத்தைக் குறைத்தேன்.